நாற்பது மீட்டரில் விடியற்காலை

கல்யாணமாகிப் பென்னாகரம் வந்த புதிதில் எனக்குக் கிடைத்த தனிமையெல்லாம் மத்தியானத்தில்தான். வீட்டுக்காரர் தபாலாபீசில் தந்தி வேலை பார்த்தார். மாமியார் கொல்லையில் களையெடுப்பவர்களோடு போய்விடுவார். நான் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து முள்ளைச் சிற்றலைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே இரைச்சல்தான் அதிகம். எனக்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது. தூரத்தில் ஆறு ஓடுவதுபோல இருக்கும், கண் சொருகும்.

அப்படி ஒருநாள் அரைத்தூக்கத்தில் இருந்தபோது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆள் பேசினார். செய்தி இல்லை, நாடகமும் இல்லை. காலையிலிருந்து மழை, கூரை ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு ‘ஓவர்’ என்றார். இன்னொருவர், வாளி நிரம்பிவிட்டதா பார் என்றார். யாரோ ஒருவர் வீட்டு வாளி என் மடிக்கே வந்துவிட்டதுபோல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“அது ஹாம் ரேடியோ புள்ள. வூட்டுலயே மிசின் வெச்சிக்கிட்டு ஆளுக்கு ஆளு பேசிக்குவாங்க. அதுக்குன்னு லைசென்ஸ் இருக்குது.”

“யாரு வேணும்னாலும் வாங்கலாமுங்களா?”

“பரிச்சை எழுதணும். தந்திக்கு அடிக்கிற மோர்ஸ் தெரியணும்.” சிரித்தார். “நாள் பூரா ஆபீசுல அந்தக் கடகடவத்தான் கேக்கறேன். வூட்டுக்கு வந்தும் அதேதானா?”

ஆனாலும் சாப்பிட்டதும் ஒரு தாளில் இருபத்தாறு எழுத்துக்கும் புள்ளியும் கோடும் போட்டுக் கொடுத்தார்.

மாவாட்டும்போதும் தண்ணி சேந்தும்போதும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாமியார் ஜெபமாலை சொல்லும் நேரத்தில் நான் முழங்காலில் விரலைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாதி ஜெபத்தில் நிறுத்திப் பார்த்தார்.

“ஏம்மா, உன் வெரலு தனியா என்னமோ செபம் சொல்லுது?”

“பாடம் படிக்கறேன் அத்தே.”

“படி, படி. மாதா காதுலயும் வுழட்டும்” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மோர்ஸைக் காற்றில் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் ரேடியோவில் அது வெறும் மூச்சுபோல ‘புஸ் புஸ்’ என்று வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரை வாங்கிவந்து அருகில் வைத்து, இரண்டையும் சிற்றலையில் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த மூச்சு விசிலாக மாறியது. ஒரு ரேடியோவின் அலை இன்னொன்றில் கலந்து உண்டான சத்தம். எங்கிருந்தோ யாரோ குருவிபோல எழுத்து எழுத்தாகக் கூவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குத் தந்திக் கருவியின் தட்டல்தான் பழக்கம், விசில் பிடிபடவில்லை. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதினார். ‘குட் ஈவினிங்’ என்று வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பரீட்சைக்கு மெட்ராஸ் போனோம். அதிகாரி வினாத்தாளை வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

“எனக்கில்லீங்க, அவங்களுக்கு” என்றார் இவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார், பிறகு தாளை என் முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு வெளியே பெஞ்சைக் காட்டினார்.

பாஸான பிறகு விசாரணைக்குப் போலீஸ் வந்தது. மிதிவண்டியைச் சாத்திவிட்டு அந்தக் கான்ஸ்டபிள் கேட்டார்: “ஒயர்லெஸ்ஸு கேட்டிருக்கீங்களாமே, எதுக்குங்கம்மா?”

“பேசறதுக்குங்க.”

“யாருகூடங்க?”

“தெரியலீங்க. யாரு பதில் குடுக்கறாங்களோ அவங்ககூட.”

அவர் ரேடியோவைக் காட்டி, “அந்தச் சத்தத்த நானும் கொஞ்சம் கேக்கலாமுங்களா?” என்றார். மோர் குடித்தபடியே கேட்டுவிட்டுப் போனார்.

லைசென்ஸ் வந்தது. அலையில் என் பெயராக அடிக்க ஓர் அழைப்புக்குறியும் அதில் இருந்தது. பெங்களூரில் பழைய மிலிட்டரி சாமான் விற்கும் கடைகளில் வால்வும் மற்றதும் பொறுக்கி வந்தோம். ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, பிஸ்கட் டின்னின் மேல் நானே ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து மோர்ஸ் அனுப்பும் கருவியைச் செய்தேன். புளியமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஏரியலாகச் செப்புக் கம்பி கட்டினோம். துணி காயப்போடவா என்று தெருவில் கேட்டார்கள். கரிச்சான் குருவிகள் மட்டும் கேள்வி கேட்காமல் வந்து உட்கார்ந்தன.

மாடு கறக்கும் முன், பனி இறங்கியிருக்கும் விடியற்காலையில், ஹாம்களுக்கென்று ஒதுக்கிய நாற்பது மீட்டர் அலை தெளிவாக இருக்கும். ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று பொருள்படும் சி க்யூவையும் என் அழைப்புக்குறியையும் அடித்துவிட்டுக் காத்திருப்பேன். தினமும் வெறும் ஆற்றுச் சத்தம்தான். நான் அனுப்பியது புளியமரத்தைத் தாண்டியதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஒரு காலையில் என் அழைப்புக்குறி எனக்கே திரும்பி வந்தது. மெல்லிய விசில், கூடவே இலங்கை ஹாம் ஒருவரின் குறி. முதல் இரண்டு எழுத்தைத் தப்பாக அடித்தேன். அந்தப் பக்கம் என்னை ‘ஓ எம்’ என்று அழைத்தது. ஹாம்கள் ஆண்களை அப்படித்தான் விளிப்பார்கள். நான் ‘ஒய் எல்’ என்று திருத்தினேன். பெண் என்று அர்த்தம். நிதானமாகப் பதில் வந்தது: ‘நானும்தான்.’

ஊர் கேட்டாள், சொன்னேன். அடுத்து வந்த எழுத்துகள் எனக்குப் புரியவில்லை. தாளில் எழுதி வாய்விட்டுப் படித்த பிறகுதான் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ‘வணக்கம்’ என்று அடித்திருந்தாள்.

அங்கே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும் முன் பேசினோம். அவள் ஜன்னலில் மேகம் வந்து நிற்கும் என்பாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் எங்கள் வாசலே கொஞ்சம் உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மாமியார், “உன் சிநேகிதி சௌக்கியமா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தங்களுக்கும் இந்தியா போகச் சொல்லிக் கடிதாசி வந்துவிட்டது என்றாள். தோட்டத்தில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்களாம். எந்த ஊருக்கு என்று கேட்டேன். பதில் பாதி வரும்போதே வெயில் ஏறி அலை தேய்ந்தது. ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு இரைச்சல். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்ற மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மாட்டை அன்று மாமியார்தான் கறந்தார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இலங்கைத் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்த நீலகிரிப் பக்கம்தான் அவளும் வந்திருப்பாள் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கருவியைத் தொடவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் தூசியைத் துடைத்து, “உக்காரு புள்ள” என்றார். அன்று பதில் கொடுத்தவர் ஜப்பானில் ஒரு பல் வைத்தியர். இங்கே ராத்திரி பதினொரு மணி, வீட்டில் எல்லோரும் படுத்துத் தூங்குகிறார்கள், நான் மட்டும் விழித்திருக்கிறேன் என்றார். எங்கள் அடுப்பில் அப்போதுதான் உலை கொதிக்கத் தொடங்கியிருந்தது. அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி மோர்ஸ் அடிக்கும் சாவியில் விரலை வைத்தேன்.