மாடியில் நின்ற வாழை

ஊடுபயிர் என்றால் வீட்டில் வளர்க்கிற பயிர் என்று, தலை நரைத்து வெகுகாலம் ஆன பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் நான் நடுங்குகிற இடம் வரும். அங்கே சிரித்தால் மரியாதையாக இருக்காது.

என் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் வீட்டை ஊடு என்போம். அப்புறம், நான் பிறந்து வளர்ந்தது மதுக்கரை. விளைச்சல் என்று நான் கண்ணால் கண்டது, மூட்டை மூட்டையாக லாரி ஏறிப்போன சிமெண்டுதான். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வாத்தியாரின் மூக்கை வரைந்துகொண்டிருந்திருப்பேன். அந்த மூக்குதான் பிற்பாடு சோறு போட்டது என்பது வேறு விஷயம்.

ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இணைப்பை நிறுத்தியபோது, செய்திகளைப் படம் ஓடவிட்டு விளக்குகிற வீடியோப் பிரிவுக்கு என்னை அனுப்பினார்கள். "ஒண்ணு பண்ணிக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். நன்றாக வந்தால் வேலை. இல்லாவிட்டால் ஊடு. பயிர் ஏதும் இல்லாத வெறும் ஊடு.

தேங்காய் விலை விழும்போது தோப்புக்காரர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கொடுத்த வீடியோ. இந்த வேலையில் குரல்தான் முதலில் வரும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் படம் போட்டு அசைய விடவேண்டும். சென்னையில் பதிவான பெண்குரல் அது. "தென்னந்தோப்பில் ஊடுபயிராக வாழை, மஞ்சள்..." என்றது. அடடா, பட்டணத்துப் பிள்ளை நம்ம சனத்துக்காக மெனக்கெட்டு ஊடு என்று சொல்லுதே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வேலை என்று சொல்லக் கூசுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலில் நுழைந்து திரைச்சீலையை ஊதும். கம்ப்யூட்டரில் என் தென்னைகளும் அதே பக்கம் சாயும். எது எதைப் பார்த்து ஆடுகிறது என்று தெரியாது. தோப்பு நெடுக வெள்ளை வெள்ளையாக வீடுகள் கட்டினேன். ஒவ்வொரு மொட்டை மாடியிலும் வாழை. சுருண்ட குருத்து, தூங்கி எழுந்த குழந்தை கையை நீட்டுவதுபோல மெல்ல விரியும். கைப்பிடிச் சுவரோரம் மஞ்சள் செடிகள் தலையாட்டும். குரல் திரும்பத் திரும்ப அதையே சொல்ல, எந்த மாடியிலாவது பாய் விரித்துப் படுத்துவிடலாமா என்றிருந்தது. இப்படி ஓர் ஊரில் மனிதர்கள் ஏன் விலையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்றுகூட யோசித்தேன்.

பிரிவுக்குப் பொறுப்பாளர் ஓர் இளம்பெண், ஊர் கோபிப் பக்கம். வந்து பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, வாழை எதுக்குங்க மொட்டை மாடியில நிக்குது?"

"ஊடுபயிருங்க அம்மணி."

"செரிங்க. ஊடு எதுக்குங்க?"

"ஊடு இல்லாம ஊடுபயிர் எப்படிங்க?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அண்ணா, ஊடுன்னா நடுவுலங்க. தென்னைக்கும் தென்னைக்கும் நடுவுல. எங்கப்பாரு அப்படித்தான் வெச்சிருக்காருங்க. எங்கூட்டு மாடியில வடகம்தான் காயுது."

எனக்குள்ளே பழைய மில் சங்கு ஊதியது. மனசு அதற்குள் மதுக்கரை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டது. வாய் மட்டும் மாடியைவிட்டு இறங்க மறுத்தது.

"இது புது முறைங்க அம்மணி. எடம் மிச்சம்."

"தாரு யாரு தலையில உழுகுங்க?"

சாயங்காலம் வீடியோ போயாகவேண்டும்.

"ஊட்டை மட்டும் எடுத்துப் பாருங்கண்ணா" என்றார்.

கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதுபோலத்தான் நாங்கள் வரைவது. வீடுகள் ஒரு தாளில், வாழைகள் ஒரு தாளில். வீட்டுத் தாளை உருவினேன். வீடுகள் போய்விட்டன. வாழைகள் போகவில்லை. மாடி இருந்த உயரத்திலேயே, தென்னைகளுக்கு நடுவே, ஒன்றுமில்லாததில் வேர் ஊன்றி, இலையசைத்து மிதந்துகொண்டிருந்தன. மஞ்சளும் கூட. டீ வந்தது, வைத்துவிட்டுப் போனார்கள், அதன் ஆவியும் அந்த வாழைகளின் பக்கமே சாய்ந்தது. நானும் அப்போது அந்தரத்தில்தான் இருந்தேன். இவர் வாயிலிருந்து என்ன வருமோ, அதுதான் என் தரை.

வாழைகளைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தேன்.

"மெதுவாங்கண்ணா."

ஒவ்வொன்றாக இறங்கி, தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே மண் தொட்டு நின்றன. அவற்றுக்கென்றே இடம் விட்டு வைத்ததுபோல இருந்தது.

"எறங்கறதையும் அப்படியே வெச்சுக்குங்க. நல்லா இருக்குது."

"அப்ப நானுங்க?"

"நீங்களும் எறங்குங்கண்ணா. டீ ஆறிப்போச்சு."

வீடியோ அன்று சாயங்காலமே வெளியானது. மறதியில் தென்னைத் தாளிலேயே வரைந்திருந்த ஒரு வீடு மட்டும் ஓரத்தில் தங்கிவிட்டது. தோப்புக்காரர் வீடு என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மறுநாளும் என்னை வேலைக்கு வரச் சொன்னார்கள். போனேன்.