பரீட்சைக்குப் போன கியூப்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பொய் சொல்லாதுதான். நாம் சொல்லிக்கொடுத்த பொய்யை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும். இது எனக்குப் புரிய ஒரு கட்டடமும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று பிளாக். கம்பெனி செங்கல்பட்டில் இருந்தது, முதலாளியும் இன்ஜினியர்தான். நான் தரம் பார்க்கும் இன்ஜினியர். கருங்குழியிலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்காத முதல் ஆள் நான். அதனாலேயே, என் வேலையில் ஒரு குறை சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு அதிகம்.

கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் நிரப்பிக் கட்டியாக்கி வைப்போம். கியூப் என்று அதற்குப் பெயர். ஏழாம் நாள் சிலவற்றையும் இருபத்தெட்டாம் நாள் சிலவற்றையும் மெஷினில் வைத்து நசுக்கினால், கட்டடத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரியும். அந்த இருபத்தெட்டு நாள் காத்திருப்பு முதலாளிக்கு வயிற்றெரிச்சல்.

எம்.இ. படித்தபோது நியூரல் நெட்வொர்க் பற்றிக் கொஞ்சம் கற்றிருந்தேன். சூத்திரம் எதுவும் கொடுக்காமல், பழைய முடிவுகளைக் காட்டிக் காட்டியே கம்ப்யூட்டரைத் தேறவைக்கும் வித்தை அது. அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர், அன்றைய வெயில் எல்லாம் கொடுத்தால், எத்தனையாம் நாளில் எவ்வளவு பலம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும். எங்கள் சைட்டின் கியூப் முடிவுகள் அத்தனையையும் அதற்குக் காட்டினேன். ஆறே மாதத்தில் அது சொன்னதும் மெஷின் காட்டியதும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. முதலாளி ஆபீசுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசி பிளாக்கின் முதல் தளத்துக்கு, கீழே தாங்கி நிற்கும் முட்டுகளைப் பத்தாம் நாளே பிரிக்கலாம் என்று அதை நம்பி எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கியூப் நிரப்புவது ஒரு சித்தாள் அக்காவின் வேலை. நிதானமான கை, ஓரம் உடையாமல் எடுப்பார். அவர் குடும்பம் சைட்டிலேயே தங்கியிருந்தது. எந்தத் தளம் போட்டாலும் சில நாளில் அதன் கீழே, முட்டுகளுக்கு நடுவில், அவர்கள் அடுப்பு புகையத் தொடங்கிவிடும். எல்லா சைட்டிலும் இது உள்ளதுதான் என்பதால் நானும் எதுவும் கேட்டதில்லை.

அந்தத் தளம் போட்ட அன்று அக்கா தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். கியூபை நானே நிரப்பினேன். ஏழாம் நாள் பலம் பதினெட்டு வர வேண்டும் என்றது புரோகிராம். மெஷின் பன்னிரண்டிலேயே கட்டியை உடைத்துவிட்டது. நான் சரியாகக் குத்தி இறுக்கவில்லை என்றார் முதலாளி. மேஸ்திரி அதை இன்ஜினியரம்மா பிடித்த கொழுக்கட்டை என்றார். சைட்டே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அக்கா திரும்பியிருந்தார். நகராமல் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சட்டியில் கொண்டுவந்த கலவையில், ஒரு டப்பாவைத் திறந்து இரண்டு கை சிமென்டை அள்ளிப் போட்டுப் பிசைந்து, அதன் பிறகுதான் அச்சில் நிரப்பினார். என்னக்கா இது என்றேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"பரீட்சைக்குப் போவுதுல்ல மேடம், வெறும் வயித்தோட அனுப்புவாங்களா? பெயிலாச்சின்னா வேல நிக்கும், கூலி நிக்கும். ஒங்களுக்கும்தான் திட்டு வுழும்."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். மேலே போகும் கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று மேஸ்திரி கணக்கில் வராத தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறையை இந்த இரண்டு கை சிமென்ட் மூடியிருக்கிறது. ஆறு மாதமாக என் புரோகிராம் கற்றது அக்காவின் கைப்பக்குவத்தைத்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நான், அவர் அச்சு நிரப்புவதை ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனா? என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

முட்டுப் பிரிக்க இரண்டு நாள் இருந்தது. அப்போதே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். முட்டுகளும் அவற்றின் மேல் இருக்கும் இரும்புத் தகடுகளும் வேறு சைட்டுக்குப் போயாக வேண்டும் என்றார் முதலாளி. ஆறு மாதமாகச் சரியாகச் சொன்னதை ஒரே ஒரு கியூபுக்காகத் தள்ளச் சொல்கிறாயா என்று கேட்டார்.

"ஆறு மாசமும் ஒரே கை சார். அந்தக் கை இல்லாத ஒரே கியூப் இதுதான்."

"கையெழுத்து போட்டது நீதானே?"

"நான்தான் சார். அதனாலதான் நானே வாபஸ் வாங்குறேன்."

வேறு வேலை தேடிக்கொள் என்று கத்தினார். கையெழுத்தை வாபஸ் வாங்கும் கடிதத்தை அவர் மேஜையிலேயே எழுதினேன். ஒரு பிரதியை விடுதிக்காரர்களின் இன்ஜினியருக்கும் அனுப்பினேன். பத்தாம் நாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே போய், கவிழ்த்த சட்டி ஒன்றைப் போட்டு முட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் முதலாளி வந்தார். அடுப்பையும் பாயையும் பார்த்தார், நிமிர்ந்து தளத்தைப் பார்த்தார். தளத்தைத் துளைத்துத் துண்டு எடுத்துச் சோதிக்கும்வரை எந்த முட்டிலும் கை வைக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை நின்றது. அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் கூலி போனது என்னால்தானே. சோதனை முடிவு வந்தபோது அது என் கொழுக்கட்டையைவிட மோசமாக இருந்தது. முட்டுகள் மாதக்கணக்கில் நிற்க வேண்டும், உத்திரங்களுக்கு வலு கூட்ட வேண்டும், மற்ற பிளாக்குகளையும் துளைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நானே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

"அப்போ நான் போட்ட சிமெண்ட்டு அந்தக் கட்டியோட போச்சா மேடம்? எம் புள்ளைங்க தலைக்கு மேல கொஞ்சங்கூட ஏறலியா?"

இல்லையக்கா என்றேன். அன்றே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே மணலில் குடிசை போட்டார்.

ஆறு மாத முடிவுகளையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். முதலாளி தடுக்கவில்லை, என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அடுத்த கான்கிரீட்டிலிருந்து, பரப்புகிற இடத்திலிருந்தே அள்ளி, எதுவும் சேர்க்காமல் கியூப் நிரப்பச் சொன்னேன். அக்காவையேதான் நிரப்பச் சொன்னேன். முதலில் வந்த முடிவு பெயில். அதைத்தான் புரோகிராமுக்கு முதல் பாடமாகக் கொடுத்தேன்.

அதற்கடுத்த முறை, மேஸ்திரி வழக்கம்போல் கலவையில் தண்ணீர் விட டியூபைத் தூக்கினார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்து போய் அதன் வாயைக் கையால் பொத்தினார்.

"தண்ணிய நிறுத்து மேஸ்திரி. நாளைக்கு இதுக்குக் கீழயும் யார்னா புள்ளைங்க தூங்கும்."