பாலைவன ஏரியின் கலங்கரை விளக்கங்கள்

வாடகைப் படகில் அப்பாவும் தங்கையும் நானும் இருந்தோம். அம்மா லீவு கிடைக்காமல் கனடாவில், மொன்றியலில் நின்றுவிட்டார்.

அரிசோனாப் பாலைவனத்தின் அந்த ஏரிக்கரையில், பெரிய கலங்கரை விளக்கங்களின் சிறிய நகல்களைக் கட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பொம்மைபோல் இருந்தாலும் இருட்டில் படகுகளுக்கு வழிகாட்டுபவை அவைதான். “திரும்பும்போது சிவப்பு ஒளி வலப்பக்கம் இருக்க வேண்டும்” என்று கரையில் படகை வாடகைக்குத் தந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் அப்பாவுக்கு எதையும் மொழிபெயர்ப்பவன் நான். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் படகோட்டியவருக்கு இதையுமா சொல்வது என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பொழுதுபட்டுத் திரும்பும்போது அப்பா சிவப்பு ஒளியை இடப்பக்கம் விட்டார்.

“அப்பா, கரை கிட்ட வருது!” என்றாள் தங்கை.

“பயப்பிடாதை பிள்ளை, கொப்பருக்குக் கடல் தெரியும்” என்று சிரித்தார்.

படகின் அடி பாறையில் மோதிக் கிழிந்தது. தங்கையைத் தோளில் தூக்கிக் கரைசேர்த்த அப்பா என்னிடம் கேட்டார்: “சிவப்பு இடக்கைப் பக்கமெல்லே வரவேணும்? அவன் ஏதும் சொன்னவனோ?”

“இல்லையப்பா” என்றேன்.

எங்கள் ஊர்த் துறைமுக விதி அமெரிக்காவில் தலைகீழ் என்பதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. “எனக்குக் கடல் மறந்துபோச்சு” என்று அம்மாவிடம் அவர் சொன்னபோதும் பக்கத்தில்தான் நின்றேன். தன் பிழை என்றே நம்பி, மொன்றியலை அடுத்த புரோசார்ட் உணவகத்தில் கோப்பை கழுவிய சம்பளத்தில், உடைந்த படகுக்காக அப்பா தனியாகக் கட்டி முடித்தது இரண்டாயிரம் டாலர்.