ஈரம் காயாத காடு

புறங்கையை வைத்துப் பார்க்காமல் தாவீது எதையும் நம்பமாட்டார். சுவரோ, துவைத்த வேட்டியோ, மனைவி தங்கப்பழத்தின் தலைமுடியோ, எது எதிர்ப்பட்டாலும் ஈரம் காய்ந்ததா என்று கையைத் திருப்பி ஒற்றிப் பார்ப்பார். "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கியளே, நான் என்ன படுதாவா?" என்று அந்த அம்மாள் ஏசுவாள்.

நாடக மேடைக்குப் பின்திரைப் படுதா எழுதுகிறவருக்கு வேறு என்ன புத்தி வரும்? சங்கரன்கோவில் வட்டாரத்தில் எங்கே நாடகக் கொட்டகை எழும்பினாலும் காடு, கடல், அரண்மனை எல்லாம் இவர் கைவேலை. எழுதிவிட்டுச் சும்மா கிடக்கிற ஆளா? பொழுது சாய்ந்ததும் அரிதாரம் பூசிக்கொண்டு, அதே படுதாவுக்கு முன்னால் கிழ ராஜாவாக வந்து நின்றுவிடுவார். தலையில் கிரீடம் இருக்கும், நகத்திடுக்கில் பச்சைச் சாயம் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் 'பச்சை நகத்து ராஜா'.

கம்பெனி முதலாளி மருதப்பனுக்கு இந்த இரட்டை வேலை ஆகாது. "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு! ஏதாச்சும் ஒண்ணுல நில்லும் வே" என்பார். இந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குப் புது நாடகம். கண்ணிழந்த ராஜா காட்டில் அலைகிற கதை. ராஜாவும் தாவீது, காடும் தாவீது.

அங்கேதான் வந்தது வினை. படுதாச் சாயத்துக்கு வச்சிரப் பசை காய்ச்சிக் கலக்க வேண்டும். அடுப்பில் பசையைக் கிண்டியபடியே மனிதர் வசனம் பாடம் பண்ணினார். குருட்டு ராஜா அல்லவா, கண்ணை இறுக மூடிக்கொண்டு பண்ணினார். "மகளே, இந்தக் கானகத்தில் எனக்குக் கைகொடுப்பார் யார்?" என்று உருகி முடித்துக் கண்ணைத் திறந்தால், பசை கருகி நாறுகிறது! மறுபடி பசை வாங்கி, காய்ச்சி, எழுதி முடிக்கையில் நாடகத்தன்று மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலாவது அடித்ததா? பாழாய்ப்போன சாரல் காற்று!

மருதப்பன் வந்து பார்த்தார். "இன்னைக்கு அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால இது பல்லை இளிச்சுதுன்னா, வேஷமா பிரஷ்ஷா, ஒண்ண விட்டுரும். நம்ம கம்பெனியில ரெண்டும் கிடையாது, சொல்லிட்டேன்."

எதை விடுவார் தாவீது, பாவம்? வலது கையை வெட்டவா, இடது கையை வெட்டவா என்றல்லவா முதலாளி கேட்கிறார்!

அரண்மனை சீன் முடிகிறவரை காட்டைச் சுருட்டி மேலே கட்டியாக வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் சாயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறக்கும்போது உரிந்துவிடும். விசிறியால் வீசினார், வாயால் ஊதினார், ஒற்றி ஒற்றிப் புறங்கையே விறைத்துப்போயிற்று. மற்றதெல்லாம் ஒருவாறு காய்ந்தது. கடைசியாக இடது ஓரத்தில் எழுதிய ஆலமரம் மட்டும் சில்லென்றே இருந்தது.

"ஏட்டி, நீ கொஞ்சம் தொட்டுப் பாரேன்."

தங்கப்பழம் தொட்டாள். "காஞ்ச மாரிதான் இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நாடகம் தொடங்கி, அரண்மனை முடிந்தது. ராஜா கண்ணை மூடியபடி மேடை நடுவில் வந்து நிற்க, முதுகுக்குப் பின்னால் காடு இறங்கியது. சரசரவென்று வந்தது, பாதியில் 'பர்ர்' என்றது. தாவீதுக்கு உயிரே போயிற்று. இடது பக்கம். ஆலமரம்தான், சந்தேகமே இல்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கலாமென்றால், குருடன் எதைத் திரும்பிப் பார்ப்பான்?

கோலைத் தட்டித் தட்டி இடப்பக்கமாகப் பின்வாங்கினார். பாடத்தில் இல்லாத நடை. மகள் வேஷம் கட்டிய சங்கரசுப்பு திகைத்து நின்றுவிட்டான். துழாவிய கை படுதாவில் பட்டது. சாயம் போய், சொரசொரவென்று வெறும் துணி. அங்கேயே முதுகைச் சாய்த்து, கோலைப் போட்டுவிட்டு, உரிந்த இடம் மறையும்படி தோளில் கிடந்த போர்வையை இரண்டு கையாலும் அகல விரித்துக்கொண்டார். "மகளே, மனிதர் தராத நிழலை இந்த மரமாவது தரட்டும்!" என்று கதறினார். அழுகைக்கு நடிப்பு தேவைப்படவில்லை. சிரித்த வரிசை அடங்கிப்போயிற்று.

சீன் முடிந்து மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ராஜா அசையவில்லை.

"அண்ணாச்சி, வாரும். சீன் முடிஞ்சிட்டு."

"முன்திரையப் போடச் சொல்லுலே" என்றார் ராஜா, உதடு அசையாமல்.

திரை விழுகிறவரை கண்ணைத் திறக்காமல், முதுகால் மரத்தை அழுத்தியபடியே நின்றார். போர்வைக்குப் பின்னால் புறங்கை மட்டும் படுதாவை ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.