தறி ஓடும் நாளில் ஏலகிரி

என் அண்ணன் கலியாணசுந்தரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். தெருவில் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்திய என் அண்ணி வடிவாம்பாளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சொல்லப்போவது அவளைப் பற்றி.

அண்ணி பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில். வாழ்க்கைப்பட்டது அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஏகாம்பரநாதர் கோயில் மணி காதில் விழும் தூரத்திலேயே முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். கல்யாணமான கையோடு அண்ணன் அவளைத் தறியில் உட்காரவைத்தான். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அண்ணன் நடுவில் உட்கார்ந்து உடலுக்கு, ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிவான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவாள். அவள் எறியாவிட்டால் அவன் அடுத்த இழைக்குப் போக முடியாது. ஆனால் கடையில் அந்தப் புடவைக்குக் கலியாணசுந்தரம் நெய்தது என்றுதான் பெயர்.

எழுபதாம் வருஷம் திருப்பத்தூரில் ஒரு உறவுக் கல்யாணம். நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஏலகிரி மலைமேல் ஒரு வண்டியின் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போகும், காணாமல் போகும், பிறகு எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பி இன்னும் மேலே தெரியும். மலைக்கு ரோடு போட்டுக் கொஞ்ச வருஷம்தான் ஆகிறது என்றார் கண்டக்டர். அண்ணி அந்த வெளிச்சம் மறையும்வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அந்த ரோட்டில் ஒருதரம் ஏறிப் பார்க்கணும் லோகா என்று என்னிடம் சொன்னாள். தனக்கென்று அவள் ஒன்றை ஆசைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஒரு வருஷம் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் தெருவில் வாடகை வேன் ஓட்டும் பழனியைத் துளைத்து எடுத்தாள். ஏறும்போது பள்ளம் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டாள். வளைவுக்கு வளைவு மாறும்மா என்று அவன் சிரித்தான். அப்படியானால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எனக்கு, அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும் என்றாள். தெருவில் நாலைந்து குடும்பங்களைப் பேசிச் சேர்த்தாள். மிளகும் சீரகமும் போட்ட இட்லியை மந்தாரை இலையில் கட்டுவது, வேலூரில் காபி, தலைசுற்றினால் முகர ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், மேலே குளிருக்குப் போர்வை. தறியில் நாடா எறிந்துகொண்டே இதையெல்லாம் யோசித்தாள்.

நாளையும் அவளே குறித்தாள். அமாவாசை. எங்கள் ஊரில் தறிக்கு லீவு என்றால் அன்றைக்குத்தான். தெருவில் ஒரு சத்தம் இருக்காது. எல்லாரும் சரி என்றோம். தறிக்காரப் புத்தி, தறி நின்றால் லீவு என்றுதான் நினைக்கும். தறி நிற்கிற அன்றைக்குத்தான் அடுப்பு இரண்டு மடங்கு எரியும் என்பது அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அண்ணனுக்கு உறைத்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது வந்து சொன்னான். "அமாவாசை படையல் யார் செய்யறது? பொம்பளைங்க வூட்ல இருங்க. நாங்க போய்ட்டு வந்துடறோம்."

"நீங்க எள்ளும் தண்ணியும் இறைக்க வேணாமா?" என்றாள் அண்ணி.

"போற வழியிலதான் தாமல் ஏரி இருக்குது. வண்டிய நிறுத்தி இறைச்சிட்டுப் போறோம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போன பெரியவர்கள் ஆண்பிள்ளைகளுக்காக ஏரிக்கரைக்கே நடந்து வருவார்களாம். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்களாம், வடை பாயசத்தோடு. மற்ற வீட்டு ஆண்களும் அதையே சொன்னார்கள். காலியான சீட்டுகளில் அவர்களுடைய கூட்டாளிகள் ஏறிக்கொண்டார்கள். இட்லியை அண்ணிதான் கட்டிக்கொடுத்தாள், எலுமிச்சம்பழம் உட்பட. டிரைவர் பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார்ந்தான். பழனி அவளை நிமிர்ந்து பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை, நான் அங்கே இருக்கும்போதே, ரோடு எப்படி இருந்தது என்று அண்ணி கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள்.

"எங்க பார்த்தேன்? ஆற்காடு தாண்டினதுமே கண்ண சொக்கிடுச்சு. மேல போய்த்தான் எழுப்பினாங்க" என்று சிரித்தான். "வரும்போது ஒரே இருட்டு."

அண்ணி காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சீட்டைப் பிடுங்கிக்கொண்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அதில் உட்கார்ந்து தூங்கினானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. என்னாலும்தான்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் பிள்ளைகளை என் வீட்டில் விட்டாள். திருப்பத்தூரில் அந்தக் கல்யாண வீட்டில் ராத்திரி தங்கிக்கொள்வதாகவும், நாளைக்கு வந்துவிடுவதாகவும் சொன்னாள். கையில் ஒரு பை, ஒரு எலுமிச்சம்பழம். பஸ் ஸ்டாண்டுக்கு விறுவிறு என்று நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான். மலைக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"தறி நிக்குதே. முகூர்த்தப் புடவை. கடைக்காரர் கேட்டுக்கினே இருக்காரு."

"அமாவாசைக்கு நின்னுது இல்ல? இன்னிக்கும் நிக்கட்டும்."

"அப்ப நீ வந்து கரை போடு."

"எனக்குத் தெரியாதுன்னு இல்லண்ணா. வரமாட்டேன்."

போய்த் தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். நான் வேண்டுமென்றே இரண்டு தரம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது, புடவை விரல்கடைகூட ஏறவில்லை. எனக்குப் பாவமாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணி வந்தாள். முகமெல்லாம் தூசி. அண்ணன் கத்தினான். யாரைக் கேட்டுப் போனே, தெருவுல என் மானம் போச்சு, கடைக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது. அவன் ஓயும்வரை அவள் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வளைவுக்கு வளைவு ஆரன் அடிச்சுக்கினே பஸ்காரன் ஏறுனான். நான் ஒருதரம்கூட கண்ண மூடல" என்றாள். "இனிமே அமாவாசைல நான் எங்கியும் வரல. தறி ஓடுற நாளாப் பாத்து நானே போய்க்கிறேன்."

அண்ணன் மிதியை மிதித்தான், தன் நாடாவைக் கையில் எடுத்தான். அண்ணி கூந்தலை அவிழ்த்து, நிதானமாக மறுபடி முடிந்தாள். அவள் கரைக்கு நாடா எறியும்வரை அவன் காத்திருந்தான்.