எழுந்து போக வழியில்லாத கப்பல்

ஆட்களை ஊர் சுற்றக் கூட்டிப்போகிற தொழிலில் பாஷை தெரியாத நாட்டைக்கூடச் சமாளித்துவிடலாம், ஒரே குடும்பமாகச் சேர்ந்து வருகிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவையாவது டூர் ஏற்பாடு செய்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மலேசியாவில், ஈப்போவில் டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். கப்பல் பயணம் என்றால் கூடவே நானும் போவேன். என் தலையெழுத்து.

சரோ அக்காவின் திட்டம்

ஆயர் தாவாரிலிருந்து சரோ அக்கா கடைக்கு வந்தார். பதினோரு பேருக்குச் சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து நாலு நாள் கப்பல். புரட்டாசி மாசம் வேண்டாம் அக்கா, விரதக்காரர்களுக்குச் சாப்பாடு சரியாக அமையாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோருக்கும் அப்போதுதான் லீவு கிடைக்கிறதாம்.

உண்மையான காரணம் பிறகுதான் வெளியே வந்தது. அக்காவுக்கு ரெண்டு தம்பிகள், சேகரும் முரளியும். அம்மாவின் காரியத்தன்று ஏதோ வாய்த்தகராறு, நாலு வருஷமாகப் பேச்சில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே சேர்த்து உட்கார வைத்தாலும் ஒருத்தர் கையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். அம்மா போனதோடு குடும்பமும் போய்விடக் கூடாது என்று சொல்லி அக்கா அழுதேவிட்டார். அங்கேதான் தப்புப் பண்ணினேன், சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கப்பல் எதற்கு, கேமரன் மலையில் ஒரு வீடு எடுத்துத் தங்கலாமே என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

"மலையில இருந்தா காரை எடுத்துக்கிட்டு இறங்கிடுவானுங்க லா. கடல்ல எங்க எந்திரிச்சுப் போவானுங்க?"

முன்னாடியே கிளம்பிய பை

ஈப்போ விமான நிலையம். பெரியவர் சேகர் அண்ணன் பக்கத்தில் இருக்கிற புந்தோங்கிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வேனில் வந்து இறங்கினார். பாஸ்போர்ட் கேட்டேன், முகம் வெளுத்துப் போச்சு. விமானம் புறப்படும் நேரம் ராகு காலமாம். அதனால் முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுச் சீனரிடம் ஒரு பையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பை கிளம்பிவிட்டால் பயணமே கிளம்பின மாதிரி. சரி, எங்கள் வீட்டிலும் செய்கிற வழக்கம்தான். அதில் ரெண்டு துணியை வைத்தால் போதாதா? நாலு பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்துவிட்டு, காலையில் பையை எடுக்க மறந்து வந்து நிற்கிறார் மனுஷன்.

வேன் போய்விட்டது. காரோடு வந்திருந்தவர் கமுந்திங்கில் இருக்கிற முரளி மட்டும்தான். ரெண்டு பேரையும் அந்தக் காரில் பிடித்துத் தள்ளாத குறை. சீனர் வீட்டைப் பூட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போயிருந்தாராம். அவரைத் தேடிப் பிடித்து, வீட்டைத் திறக்க வைத்து, கவுண்டர் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். காரிலிருந்து இறங்கியதும், பாஸ்போர்ட்டை ஏன் அதில் வைத்தாராம் என்று முரளி என்னைக் கேட்கிறார். அண்ணனும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லு தங்கச்சி. பாஸ்போர்ட் இல்லாம பை மட்டும் கிளம்புனா அது என்னா பயணம்?"

சைவ மேசை

விமானத்தில் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்த புண்ணியவதி நான்தான். ஜன்னலை மூடச் சொல்லுங்க, காலை மடக்கச் சொல்லுங்க என்று சிங்கப்பூர் வரைக்கும் தபால் வேலை. கப்பலில் ஒருத்தர் ஏழாவது மாடி, இன்னொருத்தர் பதினோராவது மாடி. முதல் நாள் முழுக்க ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படவில்லை. இவ்வளவு பெரிய கப்பல் என்று நீ சொல்லவே இல்லையே என்று சரோ அக்கா என்னிடம் மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில், சைவம் கேட்டவர்களுக்கு ஒரே மேசைதான் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பிடித்த புரட்டாசி விரதத்தை அந்தக் குடும்பத்தில் இன்னும் விடாமல் பிடிப்பது பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும்தான். நடுவில் அக்கா, ஆளுக்கொரு கோடியில் தம்பிகள். வந்தது அவித்த கேரட், அவித்த முட்டைக்கோஸ், கொஞ்சம் சோறு. முரளி சட்டைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டு, மூடாமலே மேசையில் தள்ளிவிட்டார். யாருக்கென்று சொல்லவில்லை. சேகர் அண்ணன் அந்தப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அதற்குள் முரளி, பக்கத்து மேசையிலிருந்த என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சோற்றில் உப்பில்லை, காயில் ருசியில்லை, ஆஸ்பத்திரியில்கூட இதைவிட நல்லாப் போடுவார்கள் என்று பிடி பிடி என்று பிடித்தார். புரட்டாசி வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் நான். அதைச் சொல்ல வாயைத் திறந்தால், சேகர் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் தம்பி சொல்றதுதான் சரி லா. உங்க ஏற்பாடு ஒண்ணும் நல்லா இல்ல."

சரோ அக்கா உப்பில்லாத கேரட்டை மென்றுகொண்டே அழ, நான் ரெண்டு பேரிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். நாலு வருஷப் பகை தீர ஒரு பொது எதிரி வேண்டுமென்றால், அதுவும் ஏஜண்டு வேலையில்தான் சேர்த்தி என்று இந்தக் கடையைத் திறந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.