பருப்பை அளந்தது யார்?

1. கரண்டியும் நானும்

என் முதல் செய்தி வெளியான இரண்டொரு நாளில், காலைச் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த விடுதி மாணவர் எவருக்கும் சாம்பார் விழவில்லை. சமையற்காரர் வரதன் கரண்டியோடு நேரே என் தட்டின் முன்னால் வந்து நின்றார்.

"ரிப்போர்ட்டர்வாள் முதல்ல ருசி பார்த்துச் சொல்லட்டும். அப்பறம்தான் மத்தவாளுக்கு."

பிற்காலத்தில் நாளிதழ் அலுவலகத்தில் செய்தி ஆசிரியராக அமர்ந்தவன் நான். ஆயினும் தொழிலை அங்கே கற்கவில்லை. ஐம்பதுகளில், மலைக்கோட்டை அடிவாரத்துப் பள்ளியொன்றின் விடுதியில்தான் கற்றேன். பள்ளிக்கு மாதமொரு பத்திரிகை உண்டு. மெழுகுத்தாளில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டிப் பிரதி எடுப்போம். அதற்கு நிருபராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்க் கட்டுரையில் எனக்கு நிகர் வகுப்பில் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை, தமிழாசிரியர் சொன்னது.

கணக்கு ஆசிரியரே விடுதிக்கு வார்டன். பத்திரிகைக்கும் அவரே பொறுப்பு. அவர் கையொப்பமில்லாமல் ஒரு வரியும் ஸ்டென்சிலுக்குப் போகாது. "கண்ணால பார்த்ததை எழுது. பார்க்காததைக் கேட்டு எழுது" என்பது அவர் எனக்கு விதித்த விதி.

நான் எழுதியது இவ்வளவே: "விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. அது எங்கே மறைகிறது என்பது அடுப்படிக்கே வெளிச்சம்." வார்டன் படித்துவிட்டு "பேஷ்!" என்று கையொப்பமிட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வந்து படிக்கும் மாணவன் ஒருவன் அந்தப் பிரதியை ஊருக்கு எடுத்துப் போய்விட்டான். வரதனுக்கும் ஸ்ரீரங்கம்தான்.

"எங்க வீதி பூரா தெரிஞ்சுபோச்சு. வரதன் பருப்பை மடியில கட்டிண்டு வரான்னு பேசிக்கறா. பெருமாளைச் சேவிக்கப் போனாக்கூட எல்லாரும் என் மடியைத்தான் சேவிக்கறா!"

"அதற்கு நான் பொறுப்பல்ல" என்றேன்.

"அப்படியா? ருசி பாருங்கோ."

பார்த்தேன். கேட்டால் சொல்வது நிருபர் கடமை. "புளி சற்றே மேலோங்கியிருக்கிறது. பருப்பு புலப்படவில்லை" என்றேன்.

"புலப்படலையா? இன்னொரு கரண்டி விடறேன். நன்னாத் தேடுங்கோ."

பக்கத்தில் இருந்த சண்முகம் என் தொடையில் கிள்ளினான். "நல்லாருக்குன்னு சொல்லித் தொலைடா! பெல் அடிச்சிரும்."

பொய் சொல்ல நான் இசையவில்லை. விடுதியே வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு என் தீர்ப்புக்குக் காத்திருந்தது. அந்த வாரம் முழுவதும் இதே கதைதான். கடைசியில் சண்முகம் சொன்னான்: "நாளைக்கும் இலக்கணமாப் பேசினேன்னு வை, உன் டிரங்குப் பெட்டி கிணத்துல கிடக்கும்." அவன் லால்குடிக்காரன், சொன்னால் செய்வான். அதோடு என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான்.

மறுப்பு எழுதினால் விட்டுவிடுவதாக வரதன் சொன்னார். எழுதியதைத் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் போய்ப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை என்று தோன்றியது.

2. அடுப்படியில்

விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன்.

"வாங்கோ. அந்தக் கரி மூட்டைக்குப் பின்னால நில்லுங்கோ. வாயைத் திறக்கப்படாது" என்றார் வரதன்.

சிறிது நேரத்தில் சாவியோடு வார்டன் வந்து, அடுப்படியை ஒட்டிய ஸ்டோரைத் திறந்தார். துவரம்பருப்பைப் படியில் அளந்து, தலை தட்டி, பாத்திரத்தில் கொட்டினார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல் பாத்திரத்தில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளிப் பருப்பு மூட்டையிலேயே போட்டார். இன்னொரு பிடியும் போயிற்று. "சிக்கனம் வேணும் வரதா" என்று சொல்லி ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு போனார்.

"இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?"

"சொன்னா உத்தியோகம் போயிடும். இப்போ நீங்களே பார்த்தேளோன்னோ? எழுதுங்கோ."

எழுதலாம், ஆனால் கையொப்பமிட வேண்டியவர் வார்டன்.

3. கையொப்பம்

கண்டதைக் கண்டபடி நாலு வாக்கியத்தில் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"ரெண்டு பிடின்னு எழுதியிருக்கே. தப்பு. ஒரு பிடிதான்."

"அப்ப, 'ஒரு பிடிதான் எடுத்தேன்னு வார்டன் சொன்னார்'னு சேத்துக்கட்டுமா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"யாருடா உனக்கு இப்படிக் கேக்கச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சார். கேட்டு எழுதுன்னு."

நாலு வாக்கியத்தையும் அடித்துவிட்டார். நான் நகரவில்லை.

"சமையற்காரர் பேர் கெட்டுப்போச்சு சார். ஒரு வரியாவது வேணும்."

"என்ன வரி?"

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்: "விடுதியில் பருப்பை அன்றாடம் அளந்து கொடுப்பவர் வார்டன் அவர்களே, சமையற்காரர் அல்லர்."

முன்னும் பின்னும் படித்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குரிய மரியாதையும் குறைவின்றி இருந்தது. கையொப்பமிட்டார்.

அடுத்த மாதப் பத்திரிகை வெளியான மறுநாள் காலை, வார்டன் வழக்கம்போல் பந்தியைப் பார்வையிட வந்தார். வரதன் கரண்டியோடு என்னைக் கடந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"வார்டன் சார் முதல்ல ருசி பார்த்துச் சொல்லட்டும். அப்பறம்தான் மத்தவாளுக்கு."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. வார்டன் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். "பருப்பு... கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

அடுத்த நாள் சாம்பாருக்கு அடியில் தட்டு தெரியவில்லை. சண்முகம் என்னோடு மறுபடியும் பேசத் தொடங்கினான். வரதன் ஒரு பிரதி கேட்டு வாங்கி, எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனிமே எவனாவது மடியைப் பார்த்தா, எடுத்துக் காட்டறேன்."

அலுவலகத்தில் இளம் நிருபர்கள் ஆற்றொழுக்காக எழுதிக் கொண்டுவருவார்கள். 'அளந்தது யார்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். என் முதல் செய்தியில் பிழை இருந்ததாக நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வரி குறைந்திருந்தது. அந்த ஒரு வரிதான் செய்தி.